இரண்டு நிமிடம் நாற்பது நொடி

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்று இருபத்திரண்டாவது தடவையாகப் பாட்டை முடித்தேன்.

அக்கா கதவைத் தட்டினாள். அறைக் கதவை அல்ல, அலமாரிக் கதவை. நான் இசையமைக்கும் இடம் எங்கள் இருவருடைய துணி அலமாரிதான். கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு, அம்மா வேலை செய்யும் திரைச்சீலைக் கடையில் மிஞ்சிய கனத்த துணிகளை மூன்று பக்கமும் தொங்கவிட்டு, நடுவில் நானும் மடிக்கணினியும். உள்ளே எதிரொலி துளிகூட இருக்காது. காற்றும் இருக்காது. ஒலி அலை மாறி வரும் இடம் என்பதால்தான் அலமாரி என்று பெயர் வந்தது என்று அப்பாவிடம் ஒருமுறை சொன்னேன். ஒரு வாரம் நம்பினார். வேலை செய்யும் இடத்தில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஆனா முடியல."

"பாட்டு முடியுமா முடியாதா, அதச் சொல்லு."

"பாட்டு முடியும். என்னாலதான் முடியாது."

"வாலு, தள்ளு. என் பேண்ட் எடுக்கணும்."

என்னையும் என் இசையையும் ஒரு கையால் ஒதுக்கிவிட்டுப் பயிற்சி உடையை உருவிக்கொண்டு போனாள். வாலு என்பது என் பெயர் இல்லை. ஆனால் வீட்டில் என் பெயர் யாருக்கும் நினைவிருக்கிறதா என்பதே சந்தேகம்.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. ஸ்கேட்டிங். இசைக்கு ஆடும் வகை. மார்ச் 29 போட்டி. பாட்டு சரியாக இரண்டு நிமிடம் நாற்பது நொடி இருக்க வேண்டும். மற்றவர்கள் சினிமாப் பாட்டை வெட்டி ஒட்டிக் கொண்டுவருவார்கள். யாரிடமும் இல்லாத பாட்டு வேண்டும் என்று நவம்பரில் என்னிடம் கேட்டாள். நான் விளையாட்டாகச் சரி என்றேன். அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அதனால் இப்படிச் செய்தேன். தாளம், அவளுடைய பழைய ஸ்கேட் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் பதிவு செய்தது. முரசு, காலித் தண்ணீர் கேன். மணி, அப்பா பழுது பார்க்கிற ஏதோ ஒரு லிஃப்டில் இருந்து கழற்றிக் கொண்டுவந்த பழைய மணி. ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டாவது நொடியில் எல்லாம் நின்றுவிடும். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இருக்காது. அப்புறம் கேன் 'தொம்' என்று விழும்.

அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் அக்கா 'ஒன்றரை' போடுகிறாள். காற்றில் ஒன்றரைச் சுற்று சுற்றி, தொம்மில் கால் ஊன்றுவது. இரண்டு வருடமாக வராமல் படுத்தி எடுத்த தாவல், ஜனவரியில் வந்துவிட்டது. அடுத்த வருடம் அவள் பெரியவர்கள் பிரிவுக்குப் போய்விடுவாள். இளையோர் பிரிவில் இதுதான் கடைசிப் போட்டி.

எனக்கு இந்தப் பாட்டு பிடித்திருக்கிறது. அதுதான் சிக்கலே. பிடிக்காவிட்டால் எப்போதோ கொடுத்துத் தொலைத்திருப்பேன்.

பிப்ரவரி 26, வியாழன்

காதுக்குக் காது குத்தினேன்.

காது என்பது என் வகுப்பில் படிக்கிற, எதிர் மாடியில் குடியிருக்கிற நண்பன். எந்தச் சத்தத்தையும் கேட்டவுடன் பிரித்துச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டே பெற்ற பட்டம் அது. பள்ளி விட்டதும் வீட்டுக்கு அழைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, பாட்டைப் போட்டேன்.

"நல்லாதான் இருக்கு. ஆனா குரல் இல்லாத எடத்துல கொஞ்சம் சப்புன்னு இருக்கு" என்றான்.

பாட்டில் குரலே இல்லை. சரி, போகட்டும்.

"மாத்திட்டு வரேன், இரு" என்று அலமாரிக்குள் போய், இரண்டு நிமிடம் சும்மா விரல் சொடுக்கிக்கொண்டிருந்துவிட்டு, அதே பாட்டை மறுபடியும் போட்டேன். ஒரு மயிரிழைகூட மாற்றவில்லை.

கண்ணை மூடிக் கேட்டான். தலையை ஆட்டினான். "ஆங். இப்பப் பாரு. அடிச் சத்தம் நல்லா உருண்டு வருது. முன்ன தட்டையா இருந்துச்சு."

"எந்த எடத்துல உருளுது?"

"எல்லா எடத்துலயும்தான். உனக்குக் கேக்கலயா?"

உண்மையைச் சொன்னதும் மூஞ்சி சுண்டிப் போனது. "லூசு" என்றான். படியிறங்கும்போது திரும்பி, "ஆனா அந்த நடுவுல நிக்கிற எடம் கொஞ்சம் இழுக்குது. பாட்டு நின்னு போச்சோன்னு நெனச்சேன்" என்றான்.

பழிவாங்கச் சொன்னதுதான். தெரியும்.

பிப்ரவரி 27, வெள்ளி

அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்: "இதோட போதும். இனிமே தொடாத. நான் கால்ல ஏத்திட்டேன்."

மார்ச் 1, ஞாயிறு

தொட்டுவிட்டேன்.

காது சொன்னது மண்டைக்குள் ஈ மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. நின்று போச்சோ என்று நினைத்தானாமே? காலையில் எட்டு தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் நீண்டது. கடைசியில் அதற்குள் ஒரு பேருந்து திரும்பலாம் போலிருந்தது.

வெட்டினேன். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. கண் சிமிட்டுவதற்குக்கூடப் போதாத நேரம். நீளம் குறையக்கூடாது என்று கடைசி மணியை அதே அளவு இழுத்துவிட்டேன். கெட்டிக்காரிதான் நான்.

அப்புறம் பாட்டு முழுவதும் கொஞ்சம் வறண்டு கேட்டது. ஒரு பெரிய கூடத்தில் வாசிக்கிற மாதிரி எதிரொலி சேர்க்க ஒரு கருவி இருக்கிறது, திரையில் ஒரு திருகு, அதைக் கொஞ்சம் ஏற்றினேன். ஆகா, பாட்டு மூச்சு விட ஆரம்பித்துவிட்டது. இருபத்து மூன்று.

பென் டிரைவில் கோப்பின் பெயரைப் பழையபடியே வைத்தேன். அக்கா கேட்டால் எதுவும் மாறவில்லை. கேட்காவிட்டால் இன்னும் நல்லது.

மார்ச் 4, புதன்

அக்கா முழங்கையில் சிராய்ப்போடு வந்தாள். ஒன்றரையில் விழுந்தாளாம், நாலு தடவை.

"பாட்ட மாத்தினியா?"

"நானா? எதுக்கு?"

"இல்ல, இறங்கும்போது தொம்மு முன்னாடியே வர்ற மாதிரி இருக்கு."

"நீ லேட்டா இறங்கறியா இருக்கும்."

இதை எழுதும்போது கொஞ்சம் அரிக்கிறது. ஆனால் பத்தில் ஒரு பங்கு நொடி. அதை யாராலாவது காலால் கேட்க முடியுமா? காதுக்கே காது கேட்கவில்லை. காலுக்கா கேட்கும்?

மார்ச் 6, வெள்ளி

திருகு: நேற்று 30, இன்று 34. இருபத்தேழு. இப்போது சக்கரச் சத்தம் வெள்ளி மாதிரி மின்னுகிறது.

மார்ச் 8, ஞாயிறு

அரங்கத்துக்குப் போனேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு அங்கே குளிர்ந்த ரப்பர் வாசனை வரும், எனக்குப் பிடிக்கும். டிக்கெட் அண்ணன்தான் பாட்டுப் பெட்டிக்கும் பொறுப்பு. அண்ணன் என்கிறோமே தவிர அப்பாவைவிட வயதில் பெரியவர். என் பாட்டைப் போடும்போதெல்லாம் டிக்கெட் கிழிக்கும் கையை நிறுத்திவிடுவார். அதற்காகவே அவரை மன்னித்துவிடலாம், எதற்கு என்றுதான் தெரியவில்லை.

அக்கா ஆடினாள். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு. எல்லாம் நின்றது. எம்பினாள். சுற்றினாள். தொம். அவள் இன்னும் காற்றில்தான் இருந்தாள். அந்தச் சத்தத்தைப் பிடிக்கக் காலை அவசரமாகக் கீழே இறக்கினாள். இடுப்பு அடிபட விழுந்தாள்.

பயிற்சியாளர் கழுத்தில் எப்போதும் விசில் இருக்கும். அதனால் எங்களுக்கு விசில் மேடம். "என்னம்மா ஆச்சு உனக்கு? ஒரு மாசமா வந்துட்டிருந்ததுதானே?" என்று கேட்டார்.

"தெரியல மேடம். எனக்கு டைமிங்கே போயிடுச்சு."

நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். எனக்குத் தெரியும் போலவும் இருந்தது, தெரியாது போலவும் இருந்தது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "அக்கா, உன் ஹேர் கிளிப் விழுந்துருச்சு" என்றேன். என்ன பிறவி நான்?

மார்ச் 10, செவ்வாய்

ஒன்றரையை எடுத்துவிட்டார்கள்.

விசில் மேடம் முடிவு. போட்டிக்கு மூன்று வாரம்கூட இல்லை, விழுந்து விழுந்து காலை உடைத்துக்கொள்ள வேண்டாம், அந்த இடத்தில் தரையிலேயே ஒரு சுற்று போதும் என்று சொல்லிவிட்டாராம். அக்கா சாப்பாட்டு மேசையில் இதைச் சாதாரணமாகச் சொன்னாள். "ஜனவரில ஏதோ ஃப்ளூக்ல வந்திருக்கு" என்றாள். அப்பா, "தரையில சுத்தினாலும் சுத்துதான்மா" என்று ஆறுதல் சொன்னார். அதைக் கேட்டு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

பிறகு அவள் வெறும் காலுறையோடு நடைவழியில் நின்று, குதிக்காமல், கையை மட்டும் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அலமாரிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

முப்பத்தொன்று. திருகு 41. ரொம்ப நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை எழுதினால் நம்பிக்கை வருமா என்று பார்க்கிறேன்.

மார்ச் 11, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே நான் காது குத்திக்கொள்வேன்.

வீட்டிலேயே இசையமைப்பவர்கள் கூடிப் பேசும் ஓர் இணையதளத்தில் ஒரு தந்திரம் படித்தேன். இரண்டு பதிவுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒன்றின் அலையை மட்டும் தலைகீழாகப் புரட்டி, இரண்டையும் சேர்த்து ஓடவிட வேண்டும். ஒரே மாதிரி இருப்பதெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிடும். மிச்சமாகக் கேட்பது எதுவோ, அதுதான் வித்தியாசம். இந்தப் பத்து நாளில் நான் எவ்வளவு மெருகேற்றியிருக்கிறேன் என்பதைத் தனியாக வடிகட்டிக் கேட்டு ரசிக்கலாம் என்று ஆசை.

இருபத்து மூன்றையும் முப்பத்தொன்றையும் வைத்தேன். ஓடவிட்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

ஹெட்போன் பழுதோ என்று கழற்றி மாட்டினேன். சத்தத்தை முழுவதும் ஏற்றினேன். என் இதயம் அடிப்பது கேட்டது, அதுவும் பாட்டில் இல்லை. இரண்டு நிமிடம் நாற்பது நொடி முழு மௌனம். எட்டுப் பதிப்புகள், பத்து நாள் உழைப்பு, அதன் சத்தம் இதுதான்.

அப்புறம்தான் பார்த்தேன். எதிரொலிக் கருவியின் ஓரத்தில் சின்னதாக ஒரு விளக்கு இருக்கும். எரிந்தால் வேலை செய்கிறது என்று பொருள். எரியவில்லை. முதல் நாளில் இருந்தே எரியவில்லை. நான் பத்து நாளும் எதனோடும் ஒட்டாத ஒரு திருகைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன். 30, 34, 41. வெள்ளி மாதிரி மின்னியதாமே. காதைப் பார்த்துச் சிரித்தேன் அல்லவா, இப்போது அவனைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்து, நீ சிரிடா என்று சொல்ல வேண்டும்.

சிரிப்பு அங்கேயே நின்றிருந்தால் இது நல்ல நாள்.

அடுத்து இருபத்திரண்டையும் முப்பத்தொன்றையும் வைத்தேன். மௌனம், மௌனம், மௌனம், ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வரை. அதற்குப் பிறகு துணி கிழிவது போல ஒரே இரைச்சல், கடைசி வரைக்கும்.

ஆக, இத்தனை நாளில் நான் உண்மையில் மாற்றியது ஒரே ஒரு விஷயம். அதன்மீதுதான் அக்கா இத்தனை நாளும் விழுந்துகொண்டிருந்தாள்.

அவள் கால் சரியாகத்தான் கேட்டிருக்கிறது. பாட்டு இருபத்திரண்டிலேயே முடிந்துவிட்டிருக்கிறது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இல்லை, அவள் சொன்னாள். கால்ல ஏத்திட்டேன் என்றாள். நான்தான் கேட்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

சொல்லிவிட்டேன். நம்பவில்லை.

"அக்கா, பாட்ட நான்தான் மாத்தினேன். பொய் சொல்லிட்டேன்."

அவள் ஸ்கேட்டின் கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "போதும்டி. எனக்கு ஆறுதல் சொல்லணும்னு புதுசா ஒண்ணு கெளப்பாத."

"நெஜமா. இடைவெளிய வெட்டிட்டேன்."

"நீ நெஜமான்னு சொன்னப்பல்லாம் என்ன நடந்திருக்குன்னு யோசி. போன மாசம் பாத்ரூம் கதவுல லிஃப்ட் போர்ட மாட்டினது யாரு?"

அப்பாவின் பையில் இருந்து எடுத்த பலகை அது. 'பழுது பார்க்கப்படுகிறது, உபயோகிக்க வேண்டாம்.' அக்கா கீழ்வீட்டுக் குளியலறைக்குத் துண்டோடு போய் நின்றாள். பதினாறு வருடமாக நான் சேர்த்த நல்ல பெயர் இப்போது வரிசையில் நின்று என்னைப் பார்த்துப் பல்லிளித்தது.

யோசித்தேன். என்னை நம்ப மாட்டாள். அவள் காலை நம்புவாள்.

அம்மாவைக் கூப்பிட்டேன். மடிக்கணினியைச் சமையலறை மேடையில் வைத்தேன். பழைய பாட்டு ஒரு பொத்தான், புதிய பாட்டு ஒரு பொத்தான். இரண்டுமே அந்த இடத்துக்கு எட்டு நொடி முன்னால் ஆரம்பிக்கும். அம்மா மனம் போன வரிசையில் ஆறு தடவை அமுக்க வேண்டும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, தன் கால் தரையில் படும் நேரத்தில் கை தட்ட வேண்டும். நான் ஏமாற்றக்கூடாது என்பதற்காக முகத்தைக் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். கடைசி நிபந்தனை அக்கா போட்டது.

"எது எந்தப் பாட்டுன்னு எனக்குத் தெரியலாமா?" என்று அம்மா கேட்டார்.

"உனக்குத் தெரியலாம்மா. மூஞ்சில காட்டாத."

"எனக்கு மூஞ்சில காட்டத் தெரியாதுடி. இருபது வருஷமா திரை விக்கிறேன்."

முதல் தடவை: தொம்மும் கைதட்டலும் ஒரே சத்தமாக விழுந்தன. இரண்டாவது: தொம். பிறகு கை. மூன்றாவது: தொம். பிறகு கை. நான்காவது ஒரே சத்தம். ஐந்தாவது ஒரே சத்தம். ஆறாவதில் தொம் வந்தது, கை வரவே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அக்கா கையை உயர்த்தியபடி கண்ணைத் திறந்துவிட்டிருந்தாள்.

அம்மா, திரை அளவு எழுதும் சீட்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "பழசுல மூணு தடவையும் சரியா தட்டினா. புதுசுல ஒண்ணுலகூட இல்ல" என்றார்.

அப்பா அந்த நேரம் பார்த்து உள்ளே வந்து, "என்ன, கச்சேரியா?" என்று கேட்டு, எல்லாருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

"பதினோரு நாள்" என்றாள் அக்கா. கத்தவில்லை. "பதினோரு நாள் என் காலத் திட்டிட்டிருந்தேன்டி. எனக்கு இது வரவே வராதுன்னு நெனச்சேன். ஜனவரில வந்ததே பொய்யின்னு நெனச்சேன்."

எனக்குச் சொல்ல ஒரு ஜோக்கும் கிடைக்கவில்லை. எப்போதும் ஒன்றாவது கிடைக்கும். வாயில் இருந்தது மன்னிச்சிரு மட்டும்தான். அதைச் சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைக் கதவை.

மார்ச் 13, வெள்ளி

பேசவில்லை. ஆனால் காலையில் அலமாரியில் இருந்து உடை எடுக்கும்போது என் தலையில் ஹேங்கரால் இடித்தாள். வேண்டுமென்றேதான். நம்பிக்கை இருக்கிறது.

மார்ச் 14, சனி

இருபத்திரண்டை எடுத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போனோம். போகும் வழியில் பேருந்தில் அக்கா எனக்கு ஒரு இருக்கை தள்ளித்தான் உட்கார்ந்தாள்.

விசில் மேடத்திடம் நானே சொன்னேன். அவர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "உன்ன ஸ்கேட் மாட்டி நடுவுல விட்டுட்டு லைட்ட அணைக்கணும்" என்றார். பிறகு அக்காவிடம், "மூணு தடவ. மூணுலயும் விழுந்தா தரைச் சுத்துதான். அதுக்கப்புறம் அழக்கூடாது."

முதல் தடவை விழுந்தாள். பயத்தில் பாதிச் சுற்றிலேயே மடக்கிய கையை விரித்துவிட்டாள் என்று மேடம் சொன்னார். பாட்டு திரும்பினாலும் பயம் உடனே திரும்பிப் போகாது போலிருக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. கோப்பை மாற்றி வைத்தால் எல்லாம் மாறிவிடும் என்று நினைத்தேன்.

இரண்டாவதில் இறங்கினாள், ஆனால் கை தரையைத் தொட்டது.

மூன்றாவது தடவை டிக்கெட் அண்ணன் பாட்டைப் போடும் முன் அக்கா என் பக்கம் வந்தாள். சுவருக்கு மேலே குனிந்து, "இனிமே எதுவுமே மாறாதுல்ல?" என்று கேட்டாள்.

"மாறாது."

"நெஜமா?"

அந்தச் சொல்லை நான் எவ்வளவு பாழாக்கி வைத்திருக்கிறேன். "அக்கா, நீ தட்டின எடத்துலயேதான் இருக்கு" என்றேன்.

போனாள். சுற்றினாள். எல்லாம் நின்றது. சக்கரமும் கேனும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தன. நான் கேட்டவற்றுள் மிகச் சரியான தொம் அதுதான். பதிவில் பாதிதான் இருக்கிறது, மீதிப் பாதி அவள் கால்.

மேடம் விசில் ஊதவில்லை. டிக்கெட் அண்ணன் மட்டும், "அப்பாடா. எனக்கே இடுப்பு வலிச்சுது" என்றார்.

திரும்பும்போது பக்கத்து இருக்கை.

மார்ச் 16, திங்கள்

இன்று மாலை ஐந்து மணிக்குள் போட்டிக்காரர்களுக்குப் பாட்டை அனுப்ப வேண்டும். அனுப்பிய பிறகு மாற்ற முடியாது.

நாலரைக்குக் கடைசியாக ஒரு தடவை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நாற்பதாவது நொடியில் லிஃப்ட் மணி கொஞ்சம் தாமதமாக அடிக்கிறது. இது திருகு விளையாட்டு இல்லை. தாளத்தோடு வைத்து அளந்து பார்த்தேன், உண்மையான தவறுதான். இருபத்திரண்டு தடவையும் என் கையில் இருந்து தப்பித்திருக்கிறது. இழுத்துச் சரியான இடத்தில் வைக்க ஒரே சொடுக்கு. அந்த இடத்தில் தாவல் எதுவும் இல்லை. அவள் அங்கே சும்மா பின்னோக்கி வழுக்கிக்கொண்டு போகிறாள்.

விரல் அங்கேயே நின்றது. எனக்குத் தெரியும், இது சரியான திருத்தம். காதுகூட ஒத்துக்கொள்வான். அவன் எதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டான்.

அலமாரியில் இருந்து வெளியே வந்தேன். அக்கா கட்டிலில் கால் நீட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாப்பதாவது செகண்ட்ல ஒரு மணி லேட்டா வருது. என் தப்பு. சரி பண்ணட்டுமா? கேக்காம பண்ணல, கேக்கறேன்."

"டிங்குன்னு வருமே, அதுவா? நான் பின்னாடி போறப்ப?"

"அதேதான்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். தோள் இரண்டும் மெதுவாக ஏறி இறங்கின. "அதுலதான்டி நான் மூச்சு விடறேன். மொத நாப்பது செகண்டும் மூச்சப் பிடிச்சுட்டுப் போய் அந்த டிங்குல விடுவேன். அது சீக்கிரம் வந்தா எனக்குப் பத்தாது. தொட்ட, கொன்னுடுவேன்."

"அது தப்பா இருக்குக்கா."

"உனக்குத் தப்பு. எனக்கு மூச்சு."

உள்ளே போய்க் கோப்பைத் திறக்காமலேயே அனுப்பினேன். நாலு மணி நாற்பத்தெட்டு. அனுப்பப்பட்டது என்று திரையில் வந்தது.

மீதி ஒன்பது பதிப்புகளையும் அழித்தேன். கனமான வேலை என்று நினைத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

பெரிய கூடம். பதினான்கு பேர். நாங்கள் மூவரும் மூன்றாவது வரிசையில். அப்பா வாசல் லிஃப்டைப் பார்த்துவிட்டு, "இது ரெண்டாவது மாடில உரசுது, கேக்குதா?" என்று அங்கேயே நின்றுவிட்டார். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருந்தது. எனக்கு இந்தக் காது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

பன்னிரண்டு சினிமாப் பாட்டுக்குப் பிறகு அக்கா. சக்கரம் சுழலும் சத்தம் ஒலிபெருக்கியில் வந்ததும் பக்கத்து வரிசையில் ஒருவர் நிமிர்ந்து, "ஏதோ ரிப்பேரா?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் ஒன்றும் சொல்லாமல் இருந்த அபூர்வத் தருணங்களில் ஒன்று.

கூடம் பெரிதாக இருந்ததால் எதிரொலி தானாகவே வந்தது. திருகே வேண்டியிருக்கவில்லை. கேன் சத்தம் கொஞ்சம் அதிகமாக முழங்கியது. குறித்துவைக்கப் பேனாவைத் தேடிய கையை அம்மா பிடித்துக்கொண்டார். அவருக்குப் படபடப்பு, எனக்கு நல்லதாகப் போயிற்று.

நாற்பதாவது நொடி, டிங். அவள் தோள் இறங்கியதை இங்கிருந்தே பார்த்தேன்.

ஒன்று ஐம்பத்திரண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குப் பார்க்கத் தேவையில்லை. ஒரே சத்தம்தான் கேட்டது.

ஐந்தாம் இடம். மேடம் மூன்றாவது வரும் என்று நினைத்தாராம், ஒரு திருப்பத்தில் மதிப்பெண் போய்விட்டது. வெளியே வந்ததும், "கெடக்கு, அஞ்சு நல்ல நம்பர்தான்" என்றாள் அக்கா. அப்புறம் வண்டி நிறுத்தும் இடத்தில், சாதாரணச் செருப்போடு, எல்லாரும் பார்க்க, சும்மா ஒரு ஒன்றரை குதித்துக் காட்டினாள். செருப்பு ஒன்று பறந்துபோய் ஒரு காருக்கு அடியில் விழுந்தது. குனிந்து படுத்து எடுத்துக் கொடுத்தது நான்தான். தண்டனையில் மிச்சம் இருந்த பகுதி என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

அக்கா எனக்கு ஸ்கேட்டிங் சொல்லித் தருகிறாள். பொதுமக்கள் நேரம், காலை பத்து மணி. முழங்கால் கவசம், முழங்கை கவசம், தலையில் பானை மாதிரி ஒன்று. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மாமாவும், அவரைப் பிடித்துக்கொண்டு நானும் போனோம். அவருக்கு அது தெரியாது.

"முட்டிய மடக்கு. கீழ பாக்காத. கையக் காத்தாடி மாதிரி சுத்தாத" என்று அக்கா பின்னோக்கி வழுக்கிக்கொண்டே சொன்னாள்.

"நீ பேசறத நிறுத்து, நான் விழறதுல கவனமா இருக்கேன்."

சின்னப் பிள்ளைகள் என் இரண்டு பக்கமும் மீன் மாதிரி நழுவிப் போனார்கள். மேலே ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதன் தாளத்துக்குக் காலை வைத்தால் கொஞ்சம் சுலபமாக இருந்தது. வலது, இடது, வலது. ஒரு முழுச் சுற்று வந்துவிட்டேன். மாமாவையும் விட்டுவிட்டேன்.

பாட்டு திடீரென்று நின்றது. முன்னால் போன பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் ஒன்றாகக் குதித்தார்கள். எப்போது குதிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொம். எல்லாரும் இறங்கினார்கள், பாதிப் பேர் உட்கார்ந்தபடி.

டிக்கெட் அண்ணன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து எனக்குக் கட்டை விரலைக் காட்டினார். அப்போதுதான் உறைத்தது, அது என் பாட்டு.

அதற்குள் கால் இரண்டும் இரண்டு திசையில் போய்விட்டன.